அனுபவத்தின் உரிமை

ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போலீஸ் உத்தியோகம் பார்த்த ஒருவர், ஒரு பெரிய நகரத்துப் போலீசுக்கு மாற்றலாகிப் போகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருடன் என்னென்ன போகின்றன? பெட்டி படுக்கைகள் போகின்றன. மனைவி மக்கள் போகின்றார்கள். தோளிலுள்ள பட்டை போகின்றது. இவை கண்ணாற் காணத்தக்கவை. கண்ணுக்குப் புலப்படாத பொருளொன்றும் உடன் போகின்றது. அதற்கு அனுபவம் என்று பெயர். அதைக் காட்டியே சம்பளமும், பதவியும், மரியாதையும் கேட்பது உலக வழக்கமாயிருந்து வருகின்றது. இந்த அனுபவம் என்பது யாது? அது முழுவதும் அறிவுதானா? அதற்குப் புதிய ஊரார் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்? அனுபவசாலி என்ற ஒரே காரணத்தால் ஒருவர் மீண்டும் மாணாக்கராவதிலிருந்து விலக்குப் பெற்றுவிடுகின்றாரா? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இது போலீசாரின் உள்வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அங்ஙனம் கேட்பவர்கள் பெரும்பாலும் போலீஸ் நிலையத்தின் வாயிலை மிதிக்க நேராதவர்களாயிருப்பார்கள். ஆள் பலமும் பண பலமும் உடையவனுக்கு எந்த அதிகாரி வந்தாலென்ன, எந்த அதிகாரி போனாலென்ன? வக்கீல் இருக்கின்றார்; சிபாரிசு இருக்கின்றது. ஆனால் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி நகரத்திற்கு வந்து, அடுக்குமாடி வீட்டின் ஒற்றை அறையில் பிள்ளை குட்டிகளோடு வாழும் ஓர் ஏழைக்கு, நிலையத்தின் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரின் மனப்பான்மையே சட்டமாகின்றது. மலாய் மொழியில் முன்னாளில் போலீஸ்காரரை 'மாத்தா மாத்தா' என்று அழைத்தார்கள். மாத்தா என்றால் கண். அரசாங்கத்தின் கண் அவர். அந்தக் கண் புதிய ஊருக்கு வரும்போது பழைய ஊரின் காட்சிகளையே கண்டுகொண்டிருக்குமானால், கேடு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அனுபவம் என்று நாம் ஒரே சொல்லால் வழங்குவது உண்மையில் மூன்று பொருள்களின் கலப்பாகும். முதலாவது, கைத்திறம். இரண்டாவது, பழக்கம். மூன்றாவது, பெயர். இம்மூன்றையும் பிரித்தறியாமையினாலேயே இவ்விஷயத்தில் குழப்பம் உண்டாகின்றது.

நம்மவர்க்கு நன்கு தெரிந்த தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டுகள் கணக்கெழுதிய கிராணியொருவர் செம்பனைத் தோட்டத்திற்குப் போகின்றார். செக்ரோல் எழுதுவதும், பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து விடுவதும், சம்பளக் கணக்கைச் சரிபார்ப்பதும் அவருக்குப் புதிதல்ல. இவை கைத்திறம், இவை எங்கும் செல்லும். ஆனால் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை அதிலிட்டு ரப்பரின் அளவைக் கணித்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு செம்பனைக் குலை பழுத்ததா பழுக்காததா என்பது தெரியாது. தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தறிய வேண்டும்; அதைக் குலை வெட்டும் தொழிலாளியிடமிருந்துதான் கற்க வேண்டும். 'எனக்கு இருபது வருஷ சர்வீஸ், நீயா எனக்குச் சொல்லிக்கொடுப்பது?' என்று அவர் கேட்பாரானால், காய்க்குலைகள் ஆலைக்குப் போகும். அபராதம் வெட்டியவனின் கூலியில் விழும். கிராணியின் பழக்கத்திற்குத் தொழிலாளி அபராதம் செலுத்துவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? கணக்குப் பேனாவே இவ்வளவு தீங்கு செய்ய வல்லதாயின், கைவிலங்கும் துப்பாக்கியும் என்ன செய்யமாட்டா?

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது கருதத்தக்கது. வலிமை ஒன்றே போதுமென்றிருந்தால் முதல் அதிகாரத்தோடு நிறுத்தியிருப்பார். நீரில் வலியதாகிய முதலை நிலத்தில் வலியதாகாது என்னும் பொருளை அவர் சொல்லியிருப்பது, மாற்றலாகும் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் தம் மேசையின்மேல் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கதாகும்.

நிற்க. இந்நாட்டுப் போலீஸ் சரித்திரத்திலேயே இவ்வினாவுக்கு வேண்டிய பாடங்கள் பல உள. முதற்கண், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போன ஒருவரைப் பார்ப்போம். சிலாங்கூர் போலீஸ் 1875-ஆம் ஆண்டில் கிள்ளானைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தபோது, அதன் தலைவராக நியமிக்கப்பெற்றவர் எச். சி. சையர்ஸ் என்னும் ஆங்கிலேயர். பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாயிருந்து, மலாய் மொழியைக் கற்றுக்கொண்டவர். அப்பொழுது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கமே. 1880-இல் ஆட்சித் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. போலீசும் உடன் சென்றது. அதுவரை கோலாலம்பூரில் ஒழுங்கைக் காத்து வந்தவர் சீனர் தலைவராகிய யாப் ஆ லோய். கிள்ளானோ ஆற்றங்கரையிலிருந்த மலாய் அரசகுடும்பத்தாரின் ஊர். கோலாலம்பூரோ ஈயச் சுரங்கக்காரரும், சூதாட்டக் கடைகளும், சங்கச் சண்டைகளும் நிறைந்த சுரங்கப் பட்டணம். இரண்டுக்கும் இடையே தூரம் சிறிது. தன்மையிலோ வேறுபாடு பெரிது. சையர்ஸ் செய்த யாவும் சரியென்று நாம் வாதிக்க வரவில்லை. அவரும் அந்நிய ஆட்சியின் கருவியே. ஆயினும், ஊரின் மொழியைக் கற்ற பின்னரே ஊரை ஆளலாம் என்ற அளவுக்கேனும் அவர் அறிந்திருந்தார். 1896-இல் மலாய் ஐக்கிய நாடுகள் அமைந்தபோது அவற்றின் முதல் போலீஸ் கமிஷனராகி, 1897-இல் பகாங்கில் வேட்டையின்போது காட்டெருது முட்டி இறந்தார்.

இரண்டாவது உதாரணம் அதினும் முக்கியமானது. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. அதற்கு முந்திய மாதத்திலேதான் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிவுற்று, அங்கிருந்த போலீஸ் படை கலைக்கப்பட்டிருந்தது. அப்படையின் தலைவராயிருந்த கர்னல் நிக்கல் கிரே அவ்வாண்டிலேயே மலாயாப் போலீசின் கமிஷனராக வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 500 வெள்ளைக்காரச் சார்ஜன்கள் வந்தார்கள். அவர்களுட் பெரும்பாலோர் பாலஸ்தீனத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். அனுபவசாலிகள் என்பதே அவர்களுக்கிருந்த சிறப்பு. கலகம் நடந்த நாட்டில் வேலை பார்த்தவர்களைக் கலகம் மூண்ட நாட்டிற்கு அனுப்புவது புத்திசாலித்தனமென்றே சர்க்கார் நினைத்தனர்.

அதன் பயன் என்ன? அவர்களுக்கு மலாயும் தெரியாது, சீனமும் தெரியாது, தமிழும் தெரியாது. இந்நாட்டில் நெடுங்காலம் ஊழியம் செய்து, மக்களின் வழக்கங்களை அறிந்திருந்த பழைய போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்கும் புதிதாய் வந்தவர்களுக்கும் இடையே மனக்கசப்பு மூண்டது. இவர்கள் கடுமுறையைக் கைக்கொள்பவர்கள் என்ற முறையீடு அக்காலத்திலேயே எழுந்தது. கிரேயும் பெரும் போரில் கடற்படைத் துருப்புக்களை நடத்தியவரேயன்றி, ஒரு தெருவில் நடந்து ரோந்து சுற்றிப் போலீசில் உயர்ந்தவரல்லர். அவருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். தோட்டங்களும் சுரங்கங்களும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான விசேஷக் கான்ஸ்டபிள்களைத் திரட்டிக் காவல் வைக்க வேண்டிய நெருக்கடி அவர் தலைமேல் விழுந்தது. பயிற்சி கொடுக்க அவகாசமில்லை. ஆயினும் நெருக்கடியில்தானே மனிதன் தன் பழக்கத்தின் கைக்குள் அகப்படுகின்றான்? பாலஸ்தீனத்தில் போலீசார் பாதிப் பட்டாளமாயிருந்தார்கள். மக்களைத் தங்களுக்கு எதிரே நிற்கும் கூட்டமாகவே காணப் பழகியிருந்தார்கள். அக்கண்ணே இங்கும் வந்தது. 1952-இன் தொடக்கத்தில் கிரே பதவியை விட்டு நீங்கினார்.

அவருக்குப்பின் வந்தவர் சர் ஆர்தர் யங். போர்ட்ஸ்மத் பட்டணத்தில் கீழ்நிலையில் சேர்ந்து, இங்கிலாந்தின் பல ஊர்களில் வேலை பார்த்து, 1950-இல் லண்டன் நகரின் மையப் பகுதிக்குரிய போலீஸ் கமிஷனரானவர். 1952 பிப்ரவரியில் இரவல் உத்தியோகஸ்தராக மலாயாவுக்கு வந்தார். லண்டனில் வங்கித் தெருக்களைக் காத்தவருக்கு ரப்பர்க் காட்டைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம், அக்கேள்வியில் தவறுமில்லை. அவர் கொண்டுவந்த முக்கியமான பொருள் ஒரு கொள்கை: போலீஸ்காரன் மக்களின் ஊழியன், மக்கள் தாமே வந்து செய்தி சொல்லும்படி அவன் நடந்துகொள்ள வேண்டும் என்பது. அவருடைய காலத்தில் அளவுக்கு மீறிப் பெருத்திருந்த படையிலிருந்து பல்லாயிரவர் விலக்கப்பட்டனர். எஞ்சியவர்களுக்குப் பயிற்சி ஏற்பட்டது. 1952 டிசம்பரில் 'சேவை இயக்கம்' என்ற பெயரால் ஒரு முயற்சி தொடங்கிற்று. இரு கைகள் பற்றிக்கொண்டிருப்பதாகிய சின்னமும், 'ஊழியம் செய்யச் சித்தம்' என்னும் பொருளுடைய மலாய் வாசகமும் அதற்கு அடையாளங்களாயின.

ஒரு சின்னத்தால் ஓர் இராச்சியத்தின் போலீஸ் திருந்திவிட்டது என்று சொல்ல நாம் அவ்வளவு பேதைகளல்லோம். புதிய ஹைகமிஷனரும், அதிகப் பணமும், சுதந்திரம் தருவதாகிய வாக்கும் அக்காலத்தே வந்து சேர்ந்தன. ஆகவே பலன் முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது பிழை. ஆயினும் நமது ஆராய்ச்சிக்கு வேண்டியது இவ்வளவே: இருவரும் அனுபவசாலிகள், இருவரும் வேற்றூரார், ஒருவரது அனுபவம் மக்களை எதிரே நிறுத்திற்று, மற்றவரது அனுபவம் மக்களைப் பக்கத்தில் நிறுத்த முயன்றது. எனவே 'எத்தனை வருஷ சர்வீஸ்?' என்ற கேள்வி அரைக் கேள்வியே. 'எதனுடைய சர்வீஸ்?' என்று கேட்டால்தான் அது முழுக்கேள்வியாகும்.

யங்கின் பிற்காலச் சரித்திரத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1954-இல் அவர் கென்யாவுக்குப் போலீஸ் கமிஷனராக அனுப்பப்பட்டார். அங்கே அரசாங்கத்தின் ஊர்க்காவற் படையினர் செய்த கொடுமைகளைத் துப்பறியப் போலீசுக்குச் சுதந்திரம் வேண்டுமென்று கேட்டார். ஆட்சியாளர் இணங்கவில்லை. ஓராண்டு நிறைவதற்குள் ராஜிநாமாச் செய்தார். அனுபவம் என்ற சொல்லுக்கு மிக உயர்ந்த பொருள் இதுவென்றே தோன்றுகின்றது. எதைச் செய்யலாம் என்பதோடு, எதைச் செய்யலாகாது என்பதையும் அறிந்து, அதற்காக நாற்காலியை விட்டெழும் துணிவே அது. 1969-இல் வட அயர்லாந்துப் போலீசின் தலைமைக்கு அவரே அனுப்பப்பட்டபோது, ஆயுதந் தாங்கிப் பழகிய அப்படையைச் சாதாரண வேலைகளில் ஆயுதமின்றி நடக்கச் செய்யும் சீர்திருத்தம் அவர் பொறுப்பாயிற்று. அது நிலைக்கவில்லை என்பதும் சரித்திரம். நல்ல அனுபவமும் எல்லா மண்ணிலும் வேர் பிடித்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

இதுகாறும் அதிகாரிகளின் அனுபவத்தைப் பற்றிப் பேசினோம். மக்களுக்கும் அனுபவம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். கூலி உயர்வு மட்டுமா அத்தொழிலாளர் கேட்டார்கள்? துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்; பெண்களிடம் முறைகேடாய் நடப்பது நிற்க வேண்டும்; தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்றும் கேட்டார்கள். மனிதனாக நடத்துங்கள் என்பதே அதன் சுருக்கம். மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். கிளர்ச்சி பரவிற்று. போலீஸ் போதாதென்று பட்டாளமும் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று சுடப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அவ்வனுபவத்தைத் தங்களோடு எடுத்துக்கொண்டுதான் பிறகு நகரங்களுக்கு வந்தார்கள். சீருடையைக் கண்டால் ஒதுங்கி நிற்பதும், சாட்சி சொல்ல அழைத்தால் 'எனக்கொன்றும் தெரியாது' என்பதும், திருட்டுப் போனாலும் நிலையத்திற்குப் போகாமல் வாளாவிருப்பதும் எங்கிருந்து வந்தன? அவை கோழைத்தனமென்று ஏசுவோர், அவை அனுபவத்தின் பாடங்கள் என்பதை உணர்வாராக.

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல அழிந்து வீடுகளும் தொழிற்சாலைகளுமாயின. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளானார்கள். ஒருபுறம், வேறிடத்தில் வேலை பார்த்துப் பழகிய அதிகாரி, தம் பழைய கண்ணோடு நகரத்திற்கு வருகின்றார். மறுபுறம், தோட்டத்தில் பழகிய குடும்பம், தன் பழைய அச்சத்தோடு நகரத்திற்கு வந்திருக்கின்றது. இருவரும் ஒரு தெருமுனையில் சந்திக்கின்றார்கள். அவர் கேள்வி கேட்கின்றார். இளைஞன் தலைகுனிந்து மௌனமாயிருக்கின்றான். அவருடைய அனுபவம் 'மௌனம் குற்றத்தின் அடையாளம்' என்கின்றது. இவனுடைய அனுபவம் 'பேசினால் அடி விழும்' என்கின்றது. இருவரும் தங்கள் தங்கள் அனுபவத்தின்படியே நடக்கின்றார்கள். இருவருமே உண்மையைக் காணவில்லை. இவ்விருவரில் முதலில் தன் பழக்கத்தைக் கழற்றி வைக்கவேண்டியவர் யார்? அதிகாரம் யார் கையிலிருக்கின்றதோ அவரே. பலமுள்ளவன் முதலில் கை நீட்ட வேண்டுமென்பது நீதி. பலமற்றவன் முதலில் நம்ப வேண்டுமென்று கேட்பது அநீதி.

புதிய ஊரில் கற்க என்ன இருக்கின்றது, தெருப்பெயர்கள்தாமே என்று கேட்பார்க்குப் பிரிக்பீல்ட்ஸ் ஒன்றே போதும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வே ஊழியர் குடியிருப்புக்களால் வளர்ந்து, இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் சிங்களவரும் சீனரும் கலந்து வாழ்ந்த ஊர் அது. புத்த விகாரமும், முருகன் கோயிலும், மாதாகோயில்களும், விவேகானந்த ஆசிரமமும் கூப்பிடு தூரத்திலுள்ளன. பார்வையற்றோர் சங்கம் அங்கிருப்பதனால், வெள்ளைக் கோலூன்றிச் செல்வோரை அவ்வூர்த் தெருக்களில் காண்பது சகஜம். எல்லைப்புறக் காட்டில் ரோந்து சென்று பழகிய ஓர் உத்தியோகஸ்தர், 'நில்!' என்று கூவியதும் நில்லாது நடக்கும் ஒருவனைப் பற்றி என்ன நினைப்பார்? அவன் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று அறியாத குருடனாயிருக்கலாமல்லவா? இதைக் கற்பிப்பவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியருமல்லர். அத்தெருவிலேயே இரண்டாண்டுகள் நின்ற கீழ்நிலைக் கான்ஸ்டபிளும், முனையில் கடை வைத்திருக்கும் அம்மாளுமே. அவர்களிடம் கேட்பது பதவிக்கு இழுக்கென்று நினைப்பவர், பதவி எதற்காகத் தரப்பட்டது என்பதை மறந்தவராவார்.

இனி மூன்றாவதாகிய பெயரைப்பற்றிப் பேசுவோம். ஒருவர் ஓரிடத்தில் செய்த நன்மை தீமைகளின் பதிவே அது. அமெரிக்காவில் நம் நாட்டைப்போல் ஒரே போலீஸ் கிடையாது. ஊருக்கு ஊர், மாவட்டத்திற்கு மாவட்டம் தனித்தனி. அவை ஏறத்தாழ 18,000 என்பர். ஓர் ஊர்ப் போலீஸ்காரர் மற்றோர் ஊர்ப் போலீசுக்கு மனுப்போட்டு மாறலாம். பழகிய ஆள் கிடைத்தால் பயிற்சிச் செலவு மிச்சமென்று ஊர்கள் அவர்களை விரும்பி அழைக்கின்றன. சேவை வருஷங்களுக்கேற்பச் சம்பளமும் தருகின்றன. இதன் மறுபக்கத்தைச் சட்டப் பேராசிரியர் இருவர் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். புளோரிடா மாகாணத்தில் முப்பதாண்டுக் கணக்கைப் பார்த்தபோது, முன்னொரு வேலையிலிருந்து நீக்கப்பட்டும் மீண்டும் போலீசாயிருப்போர் எந்த ஆண்டிலும் சராசரி 1,100 பேருக்குச் சிறிது குறைவு. மொத்தத்தில் நூற்றுக்கு மூவர் என்று கண்டனர். அன்னோர் மீண்டும் நீக்கப்படுவதும், ஒழுக்கக்கேட்டுப் புகாருக்கு ஆளாவதும் மற்றவரினும் மிகுதி என்றும் கண்டனர்.

எண்களைவிட ஒரு சம்பவம் தெளிவாய்ப் பேசும். 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரத்தில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனொருவனை ஒரு போலீஸ்காரர் சுட்டார், சிறுவன் இறந்தான். அப்போலீஸ்காரர் அதற்குமுன் பக்கத்திலுள்ள சிற்றூரொன்றின் போலீசில் இருந்தவர். துப்பாக்கிப் பயிற்சியில் மனங்கலங்கி நின்றதையும், இவ்வேலைக்கு இவர் தகுதியுடையவரல்லர் என்பதையும் அவ்வூர் மேலதிகாரி 2012-இலேயே எழுதி வைத்திருந்தார். பெருநகரம் அக்கோப்பை வாங்கிப் பார்க்கவில்லை. பின்னர் 2017-இல், மனுவில் உண்மை சொல்லாததற்காகவே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு காகிதத்தை யாரோ ஒருவர் எழுந்து சென்று படித்திருந்தால் அச்சிறுவன் இன்று இளைஞனாயிருப்பான் என்று எண்ணும்போது மனம் பதறுகின்றது. அனுபவத்தை ஏற்றுக்கொண்டு அனுபவத்தின் பதிவைப் பார்க்க மறுப்பது, பாத்திரத்தை வாங்கும்போது ஓட்டையைத் தடவிப் பாராதிருப்பது போலாம்.

நம் நாட்டில் போலீஸ் ஒன்றே. மாற்றல் என்பது மனுவினாலன்றி உத்தரவினாலேயே பெரும்பாலும் நிகழ்வது. ஆகவே கோப்பு தொலைந்துபோகும் பயம் குறைவு எனலாம். ஆனால் வேறொரு நோய்க்கு இங்கு இடமுண்டு. தவறு செய்த உத்தியோகஸ்தரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 'இடம் மாற்றிவிடு' என்பதே எல்லாக் காரியாலயங்களுக்கும் எளிதான விடையாயிருக்கின்றது. நகரத்தில் பத்திரிகையும் வக்கீலும் இருப்பதால் அங்கு வைத்திருக்க முடியாதவரை, பத்திரிகையும் வக்கீலும் எட்டாத ஊருக்கு அனுப்பிவிடுவது மிகவும் சௌகரியம். அவ்வூரார் செய்த பாவம் என்ன? நகரத்தானின் கன்னத்தில் விழக்கூடாத அறை தோட்டத்தானின் கன்னத்தில் விழலாமா? இடமாற்றம் தண்டனையாகுமானால், அத்தண்டனையை உண்மையில் அனுபவிப்பவர்கள் அவர் போய்ச் சேரும் ஊரிலுள்ள குடிகளே. சுயமரியாதையுள்ள எந்தக் குடியும் தன் ஊர் பிறர் வீட்டுக் குப்பைத் தொட்டியாவதைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

2004-இல் போலீசின் நடைமுறைகளை ஆராய அமைக்கப்பெற்ற அரச விசாரணைக் குழு, மறு ஆண்டில் 125 சிபாரிசுகளை வெளியிட்டது. புகார்களை விசாரித்து நடவடிக்கை எடுக்கத்தக்க சுதந்திர ஆணையம் ஒன்று வேண்டுமென்பது அவற்றுள் தலையானது. பதினேழு ஆண்டுகள் கழித்து 2022-இல் சட்டமாகி, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஆணையத்திற்கு விசாரிக்கவும் சிபாரிசு செய்யவும் அதிகாரமுண்டு, தண்டிக்க அதிகாரமில்லை. பெயரைப் பதிவு செய்ய ஓர் ஏடு கிடைத்திருக்கின்றது. அவ்வேட்டைப் பார்த்து முடிவு செய்யும் கை இன்னும் வேறிடத்திலேயே இருக்கின்றது.

இதற்கெல்லாம் மறுப்புரைகள் சில எழும். 'திருடன் எங்கும் திருடனே, மனித சுபாவம் எங்கும் ஒன்றே. ஊருக்கு ஊர் புதிதாய் என்ன கற்பது?' என்பது ஒன்று. திருடன் எங்கும் திருடனே. ஆனால் திருடனல்லாதவன் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றான். போலீஸ்காரர் தம் நாளில் பெரும்பகுதியும் சந்திப்பது திருடரல்லாதவர்களையே. அவர்களைத் திருடரென்று எண்ணாதிருக்கக் கற்பதே புதிய பாடம்.

'நரைத்த தலையினரை நேற்றுச் சேர்ந்த பையனோடு உட்கார வைத்துப் பாடம் சொல்வது அவமானமன்றோ?' என்பது இரண்டாவது. கற்பது அவமானமென்ற எண்ணம், அறிவைப் பிறவியுரிமையாக்கி வைத்திருந்த பழைய சமூகத்தின் எச்சமேயாகும். பிராயத்தினால் அறிவு வந்துவிடுமென்பதும், பிறப்பினால் அறிவு வந்துவிடுமென்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு கிளைகள். அவருடைய சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். பதவியை இறக்க வேண்டாம். பென்ஷனில் கை வைக்க வேண்டாம். உழைத்துச் சம்பாதித்த உரிமைகள் அவை. ஆனால் சில மாதங்கள் அவர் கேட்பவராயிருக்கட்டும், சொல்பவராயிருக்க வேண்டாம் என்பது அவமதிப்பாகாது.

'பழைய பெயர் துரத்திக்கொண்டே வருமானால் மனிதன் திருந்துவதெப்படி?' என்பது மூன்றாவது. மூன்றினுள்ளும் இதுவே கனமானது. மனிதன் திருந்துவான் என்பதை நம்பாதவன் சீர்திருத்தம் பேசத் தகுதியற்றவன். பிறப்பினால் ஒட்டவைத்த பெயரை யாரும் சுமக்க வேண்டியதில்லை என்று நாம் சொல்கின்றோம். தன் செய்கையினால் வந்த பெயரைச் செய்தவனே சுமக்க வேண்டும் என்பதும் அக்கொள்கையின் மறுபாதியே. ஒருமுறை தவறியவனுக்குப் பிழைக்க உரிமையுண்டு, மன்னிப்புக்கும் உரிமையுண்டு. ஆனால் துப்பாக்கியும் கைவிலங்கும் தாங்குவது பிழைக்கும் உரிமையைச் சேர்ந்ததன்று. அது பிறரால் நம்பித் தரப்படுவது. தருகின்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துப் பெறுவது மன்னிப்பாகாது, மோசடியாகும். உண்மையைத் திறந்துவைத்து, மேற்பார்வையின்கீழ் நின்று, பொறுப்புக் குறைந்த வேலையில் தொடங்கித் திரும்பவும் நம்பிக்கையை ஈட்டுவாராயின், அவரை வரவேற்பதே முறை.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. மாற்றலாகி வரும் அதிகாரியின் கைத்திறத்திற்குத் தக்க ஊதியமும் பதவியும் தருவது நியாயம். அவருடைய பெயர், நல்லதாயினும் தீயதாயினும், ஒன்றுவிடாமல் அவரோடு வரவேண்டும். அவருடைய பழக்கத்தைப் புதிய ஊரின் உண்மைக்கு முன்னே அவர் பரீட்சைக்கு வைக்க வேண்டும். மக்களுடைய நம்பிக்கை மட்டும் எந்த உத்தரவினாலும் மாற்றலாகி வராது. அது அவ்வூராரின் சொத்து. பழைய ஊரில் அவர் அதைப் பெற்றிருந்தாலும், இங்கே முதல் நாளில் அவர் கையிருப்புச் சூனியமே.

போலீசாருக்குச் சொன்ன இது அவர்களோடு நிற்பதன்று. ஒரு தோட்டத்தில் கங்காணித்தனம் பார்த்தவர் நகரத்தில் சங்கத் தலைவராகும்போதும், ஒரு பள்ளியில் பிரம்பால் பேர்பெற்ற உபாத்தியாயர் வேறு பள்ளிக்குப் போகும்போதும், மேசைக்கு முன்னால் ஆட்கள் கைகட்டி நிற்பதைக் கண்டு பழகிய கிராணி வேறு காரியாலயத்தில் உட்காரும்போதும் இதே கேள்வி எழுகின்றது. நம் பிள்ளைகளுள் போலீசில் சேருபவர்கள் சிலர். அவர்கள் இன்னும் அதிகமாய்ச் சேர வேண்டுமென்பதே நம் விருப்பம். அவர்களுக்கு வீட்டிலேயே சொல்லியனுப்ப வேண்டியது ஒன்றுண்டு: எந்த ஊருக்குப் போனாலும், அங்கே உன்னைவிட அவ்வூரை நன்றாய் அறிந்தவன், உனக்குமுன் கைகட்டி நிற்கும் குடியானவனே, முதலில் அவனை உட்காரச் சொல், பிறகு கேள்.